முடிக்க ஐந்து பேர் வேண்டும்

எங்கள் குழுவில் ஒரு பாட்டைத் தொடங்க ஒருவர் போதும். முடிக்க ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த புண்ணியவதி நானேதான்.

அதற்கு முன்னால் நான் சனிக்கிழமை நடனக் கூடங்களில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். அங்கே அக்கார்டியன்காரர்தான் ராஜா. ஆடுகிற ஜோடிகளுக்கு வியர்த்துவிட்டது என்று அவருக்குத் தோன்றினால், என் பக்கம் திரும்பாமலே ஒற்றை விரலைச் சுழற்றுவார். நான் நிறுத்திவிட வேண்டும். எனக்கு அப்போதுதான் கை சூடு பிடித்திருக்கும். அந்த விரலை ஒடித்தால் என்ன என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். பிறகு அறுபத்தெட்டு மே மாதம் வந்தது. பிரான்ஸ் நாடே தெருவில் இறங்கி 'நீ யார் என்னை அதிகாரம் பண்ண' என்று கேட்டது, நானும் கேட்டேன். லியோனுக்கு வெளியே ஒரு பாழடைந்த பண்ணை வீட்டில் ஐந்து பேர் ஒன்றுகூடினோம். குழுவுக்கு 'மதியச் சங்கு' என்று பெயர் வைத்தோம். ஆலைகளில் பகல் சாப்பாட்டுக்கு ஊதுகிற சங்கு அது. முதல் பொதுக்கூட்டத்திலேயே நான் எழுந்து நின்று, "இங்க யாரும் யாரையும் நிறுத்தக் கூடாது" என்றேன். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

ஆளுக்கொரு சிவப்புக் கைக்குட்டை கழுத்தில் இருக்கும். பாட்டு போதும் என்று தோன்றுகிறவர் அதை அவிழ்த்துக் காலடியில் போடுவார். ஐந்தும் தரைக்கு வந்த பிறகு நான் ஓங்கி மூன்று அடி அடிப்பேன், பாட்டு முடிந்தது. ஒருவர் கழுத்தில் மிச்சமிருந்தாலும் மற்ற நால்வரும் வாசித்தே ஆக வேண்டும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நடுவில் கிதார்க்காரன் ஆர்மோன் சிகரெட் பிடிப்பான், ஆர்கன் வாசிக்கிற மொனிக் காபி குடித்துவிட்டு வருவாள். டிரம்ஸ் நின்றால் மட்டும் பாட்டே நின்றதாக அர்த்தம் என்று இன்னொரு ஓட்டெடுப்பில் முடிவாகிவிட்டது. சிறுநீரை அடக்கிக்கொண்டு புரட்சி செய்தவள் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எப்போதும் கடைசிக் கைக்குட்டை ரெழிஸுடையதுதான். அவன் சாக்ஸஃபோன் வாசிப்பான். நோட்டரி வீட்டுப் பிள்ளை, சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவன், கண்ணை மூடி ஊத ஆரம்பித்தால் உலகம் அவனுக்கு இல்லை. அவன் எங்கள் தலைவன் அல்ல. எங்களுக்குத் தலைவர் கிடையாது. அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

குழுவை விட்டுப் போய்விடலாமா என்று நினைத்ததுண்டு. ஒருவர் விலகுவதற்கும் ஐந்து பேர் சம்மதம் வேண்டும். வண்டி பொது, வீடு பொது, என் டிரம்ஸும் பொது. நான் கேட்டேன் என்றால் ரெழிஸ் விடியவிடியப் பேசி, கடைசியில் என்னையே எனக்கு எதிராகக் கைதூக்க வைத்துவிடுவான். அதனால் கேட்கவே இல்லை.

எழுபத்திரண்டு மார்ச்சில் அம்மாவிடமிருந்து தகவல் வந்தது. அம்மா பெயர் ரேமோந்த். வால்புரில் இருக்கிற எனாமல் பாத்திர ஆலையில் பாத்திரத்தைச் சாயத்தில் முக்கி உலையில் ஏற்றுகிற வேலை. அந்தப் பிரிவில் எல்லோரும் பெண்கள். உலைக்கு முன்னால் நின்று தலை சுற்றிய ஒருத்தி, மேஸ்திரியிடம் கேட்காமல் காற்றுக்காக வெளியே போய்விட்டாள். அந்த நேரத்தில் ஒரு தட்டு நிறையப் பாத்திரங்கள் கருகிவிட்டன. அவளை அன்றைக்கே வேலையை விட்டு நீக்கினார்கள். அவள் பெயர் லுசெத். மற்ற பெண்கள் வேலையை நிறுத்தி, மேனேஜர் வொக்லேனை அவர் அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது இது நடப்பதுதான். அடிக்க மாட்டார்கள். சூப்பும் போர்வையும் கொடுத்து, கையெழுத்துப் போடும் வரை வெளியே விட மாட்டார்கள், அவ்வளவுதான்.

'பெண்களுக்கு அலுப்பாக இருக்கிறது, வந்து ஏதாவது வாசியுங்கள்' என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். பருப்பு வேகவைப்பதா உருளைக்கிழங்கா என்பதற்கே ஒரு பிற்பகல் எடுத்துக்கொள்கிற எங்கள் பொதுக்கூட்டம், இதற்கு மட்டும் ஒரே மூச்சில் கைதூக்கியது.

ஆலைக் கதவருகே அம்மா என்னைப் பிடித்துத் தோளை அழுத்திப் பார்த்தாள்.

"என்னடி இப்படி எளச்சிட்ட? அங்க சாப்பாட்டுக்கும் ஓட்டெடுப்பா?"

"ஆமாம்மா."

"வெளங்கிடும். சரி, கேட்டுக்கோ. அஞ்சு மணிக்குப் பாரிஸ்லேருந்து முதலாளி போன் பண்றாரு. லுசெத்த எடுத்துக்கறதா வேணாமான்னு அந்த ஆளுதான் சொல்லணும். வொக்லேன் பாவம், வெறும் தபால் பெட்டி. அஞ்சுக்குள்ள முடிச்சிடுங்க."

"முடிச்சிடுவோம்" என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ.

உலைக்கூடத்தில்தான் கச்சேரி. அங்கிருந்து இரும்புப் படிகள் ஏறினால் மேனேஜரின் கண்ணாடி அறை. அவர் டையைத் தளர்த்திக்கொண்டு, காலுறையோடு, கூண்டுக்குள் இருப்பவர் போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலைகளை மட்டும் பெண்கள் முறைபோட்டு அணையாமல் காத்தார்கள். ஆறிவிட்டால் உள்ளே செங்கல் வெடித்து, உலையே போய்விடும். பிறகு வேலை ஏது, வேலைநிறுத்தம் ஏது?

லுசெத் சுவரோரம் மேலங்கியோடு நின்றிருந்தாள். உலைச் சூட்டில் எல்லோரும் கையை மடித்துவிட்டுக்கொண்டு இருக்க, அவள் மட்டும் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தாள். கோட்டு மாட்டுகிற இடத்தில் அவள் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டார்களாம். வேறொருத்தி கொக்கியில் மாட்ட மாட்டேன் என்று பிடிவாதம்.

நான் டிரம்ஸைப் பொருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தாள். "நீங்க வாசிக்கிறதுக்கு ஆட முடியுமா?"

"முடியாதுங்க."

"கூடப் பாட முடியுமா?"

"அதுவும் கஷ்டம்."

"பரவால்ல. வந்தீங்களே, அது போதும்" என்றாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஓர் ஆலைக்குப் போனால் அந்த ஆலையின் சத்தத்தையே வாசிக்க வேண்டும் என்பது எங்கள் கொள்கை. அங்கே ஒரு மூலையில் கழித்துப்போட்ட பாத்திரங்கள் மலையாகக் குவிந்திருந்தன. ரெழிஸின் கண்கள் பளபளத்தன. ஆர்மோன் சங்கிலியைக் கிதார் கம்பிகளில் போட்டு இழுப்பது, மொனிக் முழங்கையால் ஆர்கனை அழுத்துவது, பேஸ் வாசிக்கிற எர்வே அவ்வப்போது குவியலில் ஏறி வாளிகளையும் சட்டிகளையும் இரும்புச் சரிவில் உருட்டிவிடுவது என்று பேசி வைத்துக்கொண்டோம். நான் எல்லாவற்றுக்கும் அடியில் தாளமாக ஓட வேண்டும்.

தொடங்கினோம். பெண்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் வைத்து, பக்கத்தில் இருந்தவளுக்கும் கிள்ளிக் கொடுத்தாள். ஒருத்தி பின்னல் ஊசிகளை எடுத்துக்கொண்டாள். யாரும் எழுந்து போகவில்லை. தங்களுக்காக வந்திருக்கிறார்களே என்ற மரியாதை. அந்த மரியாதையைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஐந்து மணி நெருங்கியதும் என் கைக்குட்டையைப் பல்லால் அவிழ்த்துக் கீழே போட்டேன். ஆர்மோன் போட்டான். மொனிக் போட்டாள். எர்வே குவியலிலிருந்து இறங்கி வந்து போட்டுவிட்டு, பழையபடி ஏறி உருட்டப் போனான். ரெழிஸ் கழுத்தில் மட்டும் சிவப்பு அப்படியே இருந்தது. கண்கள் மூடியிருந்தன.

"ரெழிஸ்!" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை.

கண்ணாடி அறையில் வொக்லேன் போனை எடுப்பது தெரிந்தது. ஒரு காதில் போனும் இன்னொரு காதில் விரலுமாகக் குனிந்தார், நிமிர்ந்தார், மேசைக்கடியில் தலையைவிட்டுப் பார்த்தார். அவர் வாய் "என்ன? என்ன?" என்று திறந்து திறந்து மூடியது. அவர் பக்கத்தில் நின்ற அம்மா கண்ணாடியைத் தட்டி என்னை நோக்கிக் கையை ஆட்டினாள். என் தோள்பட்டை எரிந்தது. என்னை அங்கே கட்டிப்போட எந்தக் கயிறும் இல்லை. எழுந்தால் எழுந்ததுதான். ஆனால் யாரையும் நிறுத்தக் கூடாது என்று சொன்ன வாய் என்னுடையது. நான்கு வருடமாக நான் நின்றுகொண்டிருந்தது அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். அடித்துக்கொண்டே இருந்தேன்.

வொக்லேன் போனை வைத்தார். அம்மா படிகளில் இறங்கி ஓடி வந்தாள். என் காதில் வாயை வைத்துக் கத்தினாள்:

"எழவெடுத்தவளே, நிறுத்துடி! நாம மெஷின ஒடைக்கிறோம்னு அந்த ஆளு நெனச்சிட்டாரு! லியோன்லேருந்து கலவரப் போலீஸ அனுப்பப் போறாராம். அது ஒண்ணுதான் காதுல விழுந்துச்சு. மறுபடி போன் பண்ணுவாரு, அப்ப இங்க அமைதியா இருக்கணும்!"

ரெழிஸ் பக்கம் திரும்பினேன். இப்போது கண்ணைத் திறந்திருந்தான். அம்மா கத்தியது அவன் காதிலும் விழுந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தலையை ஆட்டி 'வேண்டாம், விடாதே' என்று எனக்குச் சைகை காட்டிவிட்டு, முன்னைவிட ஓங்கி ஊதினான்.

கையை எடுத்துவிட்டேன்.

அவ்வளவுதான். மூன்று அடி இல்லை, ஐந்து கைக்குட்டை இல்லை. குச்சிகளை மடியில் வைத்துவிட்டேன். ஒவ்வொருவராக நின்றார்கள். கடைசியாக உருண்ட வாளி ஒன்று கூடத்தின் நடுவரை வந்து படுத்துக்கொண்டது. ரெழிஸ் இன்னும் கொஞ்ச நேரம் தனியாக ஊதிவிட்டு நிறுத்தினான்.

"ஓட்டு முடியல, கிஸ்லேன்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை, ஏதோ சாவு வீட்டுக்கு வந்தவன் போலப் பேசினான். "நீ கொண்டுவந்த சட்டம்."

"போலீஸ் வருது ரெழிஸ்."

"வரட்டுமே! வந்தாதான் இது போராட்டம். ஒரு ஆளுக்கு வேலை வாங்கிக் குடுக்கிறதா போராட்டம்? போலீஸ் கைவச்சா நாளைக்கு லியோன் முழுக்க எழும்பும்."

"லியோன் எழும்பும், நாங்க விழுந்து கெடப்போம்" என்றாள் அம்மா. "தம்பி, இத நீ லுசெத் மூஞ்சியப் பாத்துச் சொல்லு பாப்போம்."

அவன் பார்த்தான். கோழை என்று அவனைச் சொல்ல முடியாது. "தோழர் லுசெத், இது உங்க ஒருத்தரோட பிரச்சினை இல்ல" என்றான்.

"அப்படியா?" என்றாள் லுசெத். "அப்ப காலையில எந்திரிச்சு எங்க போறதுன்னு தெரியாம நிக்கிறது நான் மட்டும் ஏன்?"

மேலே போன் மணி அடித்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

அம்மா இரண்டிரண்டு படியாக ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன். வொக்லேன் போனை எடுத்தார். அந்தப் போன்களில் பின்பக்கம் இன்னொரு சின்னக் காதுக்குழல் தொங்கும். அம்மா உரிமையோடு அதை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. பூட்டியவளும் பூட்டப்பட்டவருமாக ஒரே போனில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இல்லைங்க ஐயா, எதையும் ஒடைக்கல" என்றார் வொக்லேன். "அது... அது இசைங்க. ஒரு குழு வந்திருக்கு." கொஞ்ச நேரம் கேட்டார். "இல்லைங்க, என்னை யாரும் மிரட்டல. நெசமாவே இசைதாங்க."

அம்மா காதுக்குழலைப் பொத்திக்கொண்டு என்னிடம் சீறினாள். "நம்ப மாட்டேங்கறாரு. அதெல்லாம் இசையா, கத்திய கழுத்துல வச்சுச் சொல்லச் சொல்றாங்களான்னு கேக்கறாரு. எதையாவது வாசிடி. கேட்டா மனுஷனுக்கு இசைன்னு தெரியணும், அந்த மாதிரி!"

ஓடிப்போய் சின்ன டிரம்மை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன். மேனேஜரின் மேசைமேல் வைத்தேன். என் கை தானாகவே பழைய இடத்துக்குப் போனது. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. வால்ட்ஸ். சனிக்கிழமைக் கூடங்களின் அதே வால்ட்ஸ். எங்கள் பண்ணை வீட்டில் ஜோடி ஆட்டத்துக்கான தாளத்தை ஒருமனதாகத் தடைசெய்திருந்தோம். கீழே பெண்களுக்கு அது போதுமாக இருந்தது. பஞ்சைப் பிடுங்கி எறிந்தார்கள். ஒருத்தி பாட ஆரம்பித்தாள், கூடம் முழுக்கப் பாடியது. மேசைகளைத் தள்ளிவிட்டு ஒருத்தியை ஒருத்தி இடுப்பில் பிடித்துச் சுற்றினார்கள். என் குழுவுக்கு நான்கு வருடத்தில் யாரும் அப்படி ஆடியதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ரெழிஸ் படிக்கட்டின் அடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் திருடும்போது பிடிபட்டதுபோல.

வொக்லேன் கதவைத் திறந்து போனைக் கூடத்தின் பக்கம் நீட்டிவிட்டு, திரும்பக் காதில் வைத்தார். அவர் முகம் தெளிந்தது. நான் நிறுத்தினேன். அம்மாவின் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தது. மறுமுனையில் வைத்துவிட்ட பிறகும் காதுக்குழலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா? போலீஸ்?"

"திருப்பி அனுப்பறாராம். சிரிக்கிறாரு." அம்மா அப்போதுதான் காதுக்குழலை அதன் இடத்தில் மாட்டினாள். "மொதல்ல போன் பண்ணப்ப ஒலைய ஒடைக்கிறோம்னு பயந்துட்டாராம். 'அந்தப் பொண்ண எடுத்துக்கோ, ஒலையில கைவைக்க வேணாம்னு சொல்லு'ன்னு தொண்ட கிழியக் கத்தினாராம். திருப்பித் திருப்பிக் கத்தினாராம். இவருக்குக் கேக்கல. நல்லவேளை கேக்கலன்னு இப்ப சொல்றாரு. ஆட்டம் பாட்டம்னு சொகமாத்தானே இருக்காளுக, அப்புறம் என்ன கொறைன்னு கேக்கறாரு. திங்கக்கெழம எல்லாரும் வேலைக்கு வரணுமாம். அவ வேணாமாம்."

வொக்லேன் தன் காலுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். லுசெத்தையும் யாரோ இழுத்துவிட்டிருந்தார்கள். மேலங்கி விரிய அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா படியில் நின்று கையைத் தட்டினாள். எல்லோரும் நின்றார்கள். அம்மா நடந்ததைச் சொன்னாள். ஒளிக்கவில்லை. லுசெத்தின் இடுப்பிலிருந்து அவள் ஜோடி மெதுவாகக் கையை எடுத்தாள்.

எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. சத்தம் போட்டோம், போலீஸ் என்றார்கள். ஆடினோம், குறை ஒன்றும் இல்லை என்கிறார்கள். அவள் வேலையை வாங்கிக் கொடுத்ததும் என் டிரம்ஸ், கொடுத்த வார்த்தை காதில் விழாமல் அடித்ததும் என் டிரம்ஸ். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"கீழ போ" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"அந்த மொதல்ல வாசிச்ச சனியனையே வாசி. அந்த ஆளு பயந்தது அது ஒண்ணுக்குத்தான். அவருக்குப் போன் போட்டுக் கேக்க வைக்கிறேன்."

"போலீஸ் மறுபடி வரும்மா."

அம்மா கூடத்தைப் பார்த்து, "போலீஸ் வந்தாலும் வரும்! சரியா?" என்று கேட்டாள். பெண்கள் கைகளைத் தூக்கினார்கள். ஓட்டெடுப்பு அவ்வளவுதான், விவாதமும் இல்லை, திருத்தமும் இல்லை. எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தான் ரெழிஸ்.

"நீ சொன்னது போலீஸ் வரணும்னு. நான் சொல்றது லுசெத் வரணும்னு" என்றாள் அம்மா. "வாய மூடிக்கிட்டு ஊது."

அது எப்படி முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

"என்னால முடியாதும்மா" என்றேன். பொய் இல்லை, கைவிரல்கள் மடங்கவே மறுத்தன. அம்மா என் கையை எடுத்து இரண்டு கைகளாலும் தேய்த்துவிட்டாள். உலைக்கு முன்னால் வெந்து காய்த்துப்போன கைகள். பிறகு மேலே போய்விட்டாள்.

வாசித்தோம். இந்த முறை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். உலைக் கம்பிகளால் இரும்புத் தூண்களை அடித்தார்கள், குவியலை ஆளாளுக்கு உருட்டினார்கள். கொள்கை தெரியாத கைகள், எங்களைவிட நன்றாகவே செய்தன. அம்மா பாரிஸுக்குப் போன் போட்டாள், ஒரு வார்த்தை பேசாமல் போனைக் கதவுக்கு வெளியே கூடத்தை நோக்கிப் பிடித்தாள், வைத்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் திரும்பக் கூப்பிட்டால் மணிச் சத்தம் யாருக்குக் கேட்கும்? நிறுத்தினால் அவருக்குப் பயம் விட்டுப்போகும். நிறுத்தாவிட்டால் அவர் சொல்வது காதில் விழாது. அம்மாவைப் பார்த்துப் போன் என்று கையால் காட்டினேன். அம்மா போனையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

லுசெத்தான் படியேறிப் போனாள். மேனேஜரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். போனை இழுத்து மடிக்குப் பக்கத்தில் வைத்து, உள்ளங்கையை அதன்மேல் விரித்து வைத்துக்கொண்டாள். மணி அடித்தால் அதிருமே, அதற்காக. வொக்லேன் நகர்ந்து அவளுக்கு இடம்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு ரெழிஸும் இல்லை, கைக்குட்டையும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்த ஒரு கையைப் பார்த்தே அடித்தேன். அது அசையவில்லை. தோளிலிருந்த எரிச்சல் முதுகுக்கு இறங்கியது. அது அசையவில்லை. கதவருகே நின்ற பெண்கள் ஓடி வந்து, வாசலுக்கு வெளியே தெருவைக் காட்டிக் கையை ஆட்டினார்கள். போலீஸ் வண்டிகள் என்று புரிந்தது. திருப்பி அனுப்பவே இல்லையோ, திரும்ப அழைத்தாரோ. சிலர் போய் வாசல் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்கள். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. நிறுத்தவும் கூடாது, ஓடவும் கூடாது. அசைந்து தொலையேன் என்று அந்தக் கையை வைதுகொண்டே அடித்தேன்.

லுசெத்தின் தோள் துள்ளியது.

அவள் போனைத் தூக்கினாள், மற்றொரு கையை உயர்த்தினாள். நான் நிறுத்தினேன். எல்லோரும் அதே நொடியில் நிறுத்தினார்கள், ரெழிஸும். யார் கழுத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. வாசல் கதவை வெளியிலிருந்து யாரோ இடிப்பது மட்டும் கேட்டது.

அம்மா காதுக்குழலைப் பாய்ந்து எடுத்தாள். அவர் சொன்னதை அம்மா பிறகுதான் எனக்குச் சொன்னாள். நிறுத்தச் சொல்லுங்கள், எடுத்துக்கொள்கிறேன், அந்தப் பெண்ணை எடுத்துக்கொள்கிறேன், போலீஸை இப்போதே போகச் சொல்கிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னாராம். எதிர்முனையில் இருப்பது வொக்லேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். கீழே எங்களுக்குக் கேட்டது லுசெத்தின் குரல் மட்டும்தான். திறந்த கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"எந்தப் பொண்ண?" என்று கேட்டாள்.

அங்கே தடுமாறியிருக்க வேண்டும். அவருக்கு அவள் பெயர் தெரியவில்லை. அவ்வளவு தீர்மானமாக வேண்டாம் என்று சொன்னவருக்கு, யாரை வேண்டாம் என்றார் என்பது தெரியவில்லை.

லுசெத் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

"கொலினே" என்றாள். "லுசெத் கொலினே. எழுதிக்குங்க."

காத்திருந்தாள். கூடம் முழுக்க அவளோடு காத்திருந்தது.

"எழுதிட்டீங்களா? சரி. இப்ப நீங்க சொல்லுங்க, கேப்போம்."